பிள்ளையை வாசிக்க வைக்கிறோம் என்று வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

மூன்று வயது முடிவதற்குள் சுவரில் எழுத்து அட்டையை மாட்டிவிட்டு, "இது என்ன எழுத்து, நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்" என்று கேட்கிற வீடுகள் நம் சேலத்தில் அம்மாபேட்டையிலும் உண்டு, அஸ்தம்பட்டியிலும் உண்டு. ஆசையில்தான் கேட்கிறார்கள், ஆனால் பிள்ளைக்கு அது பரீட்சை. விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு அ ஆ சொல்லிக் காட்டு கண்ணு" என்று நிற்க வைப்பதும் அப்படித்தான். தப்பாகச் சொன்னதும் அம்மா முகம் சுருங்குவதைக் குழந்தை பார்த்துவிடும், அப்புறம் புத்தகத்தை எடுத்தாலே நழுவிவிடும்.

தமிழில் எழுத்து 247. அத்தனையும் வந்த பிறகுதான் கதைப் புத்தகம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே பெற்றோருக்குச் சொல்லிவிட்டது. மடியில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளைக்கு, இந்தக் கோடுகளுக்குள் ஏதோ இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துவிடும். எழுத்து பின்னால் வரட்டும்.

"தெரிந்த எழுத்துதானே, ஏன் திணறுகிறாய்" என்று அதட்டுவது அடுத்த தவறு. 'கொடி' என்ற சொல்லைப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். முதலில் ஒரு கொம்பு, அப்புறம் க, அதற்குப் பின் ஒரு கால். வாயில் முதலில் வருவது க், கண்ணில் முதலில் படுவது கொம்பு. போதாததற்கு கல், நகம், தங்கம் மூன்றிலும் ஒரே க, ஒலி மட்டும் வேறு வேறு. திணறாமல் என்ன செய்யும்? தனி எழுத்தாகக் கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, முழுச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கண்ணில் காட்டுவது நல்லது.

அதற்கு ஏற்காடு மலைப்பாதையை விட்டால் வேறு வாய்ப்பு ஏது? காரில் ஏறியதும் அழாமல் இருக்கட்டும் என்று செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம். மேலே போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு பலகையிலும் எண் மாறும், சொல் மாறாது. "அடுத்தது எத்தனை, பலகை வருதா பாரு" என்றால் போதும், மேலே போவதற்குள் 'வளைவு' கண்ணில் பதிந்துவிடும். வெளியே பார்த்துக்கொண்டே வந்தால் வாந்தியும் குறையும். ஊருக்குள் இருக்கும்போது டவுன் பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர் இருக்கவே இருக்கிறது.

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் போகிறோம், அதனால் வீட்டிலும் இங்கிலீஷ் புத்தகம் மட்டும் என்பவர்களுக்கு: பிள்ளைக்குப் புரிகிற மொழியில்தான் வாசிப்பு முதலில் ருசிக்கும். தமிழ்ப் புத்தகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'பாட்டி வந்தார்' என்று அச்சில் இருக்கும், வீட்டில் 'பாட்டி வந்தாங்க'. அச்சில் இருப்பதை ஒரு தடவை வாசியுங்கள், உடனே நம் பேச்சில் ஒரு தடவை சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே சாமி" என்று ஒதுங்கும் பாட்டியை விட்டுவிடாதீர்கள். படத்தைப் பார்த்துக் கதை சொல்ல எழுத்து வேண்டாம். "இந்த யானை எங்க போவுது, ஏன் அழுவுது" என்று பாட்டி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை, வாசிப்பின் பாதி வேலையை அங்கேயே செய்துவிடுகிறது.

சின்னத் தவறுகளும் உண்டு. கிழிந்துவிடும் என்று புத்தகத்தை ஷோகேஸில் பூட்டுவது, ஒரே புத்தகத்தை நூறாவது தடவை கேட்டால் "வேற எடு" என்பது, விரல் இன்னும் வலுவாகாத வயதில் பென்சிலைத் திணிப்பது. காசு ஒரு தடை என்றால் நூலகம் இருக்கிறது, குழந்தைகளுக்கான பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் படத்தோடு நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்துத் தைத்துக் கொடுத்துவிடலாம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று: பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த அன்றே "இனி நீயே படிச்சுக்கோ" என்று பெற்றோர் கதை வாசிப்பதை நிறுத்திவிடுவது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானாகப் படிக்க முடிகிற கதையைவிட, கேட்டுப் புரிந்துகொள்ளும் கதை ரொம்பப் பெரியது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம், நீங்கள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு வரி, அது நின்ற இடத்தில் நீங்களே சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.