நூலகம் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத்தை முதன்முறையாக வரைபவர்களின் தாளில் நடு முற்றம் இருக்கும், உட்கார்ந்து படிக்க அகலப் படிக்கட்டு இருக்கும், கண்ணாடி முகப்பு இருக்கும். புத்தக அடுக்குகளின் இடம் மட்டும் கடைசி வாரத்தில்தான் முடிவாகும். வாசலில் சாய்தளம், தீ வெளியேற்றம், கழிப்பறை எண்ணிக்கை போன்றவற்றைக் கட்டட விதிகளே பார்த்துக்கொள்ளும். விதியின் கண்ணில் படாமல் தப்பிவிடும் தவறுகள் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

எடையைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது

புத்தகங்களின் எடையைக் கணக்கில் சேர்க்காததால் ஆண்டுக்கு ஓர் அங்குலம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் நூலகம் என்று பல பல்கலைக்கழக வளாகங்களில் ஒரு கதை உலவுகிறது. வெறும் கதைதான். நிஜத்தில் கட்டடம் நிற்கும். அதற்குள் அடுக்குகளைத்தான் நிறுத்த முடியாமல் போகும்.

தவறு தொடங்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். "எல்லாம் டிஜிட்டலாகிறது, புத்தகம் குறைந்துகொண்டே போகும்" என்று யாரோ ஒருவர் கூட்டத்தில் சொல்கிறார். கட்டமைப்புப் பொறியாளரிடம் மூன்று மாடிக்கும் 'வாசிப்பறை' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்படி வாசிப்பறைத் தளம் சதுர மீட்டருக்கு 2.9 கிலோநியூட்டன், அதாவது சுமார் 290 கிலோ தாங்கினால் போதும். புத்தக அடுக்குகள் நிற்கும் அடுக்கறைக்கு 7.2 கிலோநியூட்டன், சுமார் 730 கிலோ. இரண்டரை மடங்கு வித்தியாசம் ஒரே ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது.

நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கி அடுக்கிய சாதாரணப் புத்தகங்கள் ஏறத்தாழ 35 கிலோ. இருபக்க அடுக்கில் 90 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பகுதிக்குப் பக்கத்துக்கு 7 தட்டு, மொத்தம் 14. நீளம் 12.6 மீட்டர், புத்தக எடை 440 கிலோ. இரும்புச் சட்டத்துக்கு 75 கிலோ சேருங்கள்: 515. அடுக்கின் ஆழம் அரை மீட்டர், நடைவழி 90 சென்டிமீட்டர் என்றால் அந்தப் பகுதிக்கு விழும் தரை 1.26 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 410 கிலோ. கெட்டி அட்டை போட்ட இதழ்த் தொகுப்புகள் மீட்டருக்கு 50 கிலோ வரை போகும், அப்போது 560. வாசிப்பறைத் தளத்தில் இரண்டுக்குமே இடமில்லை.

தண்டவாளத்தில் நகரும் அடுக்குகள் இன்னும் மோசம். ஆறு அடுக்குக்கு ஒரே நடைவழி என்பதால் இடம் பாதியாகச் சுருங்கும், எடை குறையாது. அடிச்சட்டத்தையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவை ஒட்டி வரும், கெட்டி அட்டைத் தொகுப்புகளுக்கு 1,300-ஐ நெருங்கும். சாதாரண அடுக்கறைக்கான 730 கிலோவே இதற்குப் போதாது. அந்த அளவை இரட்டித்துக் கணக்கிடுவதுதான் வழக்கம். எடையைத் தாங்கினாலும் விஷயம் முடிந்துவிடாது: தளம் சில மில்லிமீட்டர் தொய்ந்தாலே அடுக்குகள் தள்ளாமலே சரிவை நோக்கி நகரத் தொடங்கும். தண்டவாளத்தைப் பதிக்கக் கான்கிரீட்டில் பள்ளம் விடாதவர்கள் பிறகு பொய்த்தளம் எழுப்புவார்கள்; அதன் விளிம்பில் தள்ளுவண்டி இடிக்கும்.

கட்டிய பின் வலுவூட்டலாமே என்று கேட்பார்கள். ஊட்டலாம்தான். கீழ்மாடியின் உட்கூரையைப் பிரித்து, குளிர்சாதனக் குழாய்களையும் விளக்குகளையும் கழற்றி, எஃகு உத்தரம் கொடுக்க வேண்டும். கீழே தலைக்கு மேலுள்ள உயரம் குறையும். தூணும் அடித்தளமும் அந்தக் கூடுதல் எடைக்குத் தயாரா என்பது தனிக் கேள்வி. அதுவரை நூலகம் பூட்டிக் கிடக்கும். வரைபட நிலையில் இதே வேலை கொஞ்சம் கூடுதல் கம்பி, கொஞ்சம் கூடுதல் கான்கிரீட்டோடு முடிந்திருக்கும். இத்தனை தெரிந்த பிறகும் ஒவ்வொரு புதுத் திட்டத்திலும் அந்த 'வாசிப்பறை' என்ற சொல் வந்து உட்காருவதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

எல்லா மாடியையும் அடுக்கறை அளவுக்கே கணக்கிடச் சொல்லுங்கள். நகரும் அடுக்குகளை மண்மேல் நேரடியாக அமரும் தரைத்தளத்தில் வையுங்கள். மாடிதான் வேண்டுமென்றால் எந்தத் தூண்களுக்கு இடையில் என்று முதல் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

அடுக்கோடு பொருந்தாத தூண்கள்

தூண்களுக்கு இடையே 7.2 மீட்டர் விட்டால் 90 சென்டிமீட்டர் பகுதிகள் எட்டு அடங்கும்; குறுக்கே, அடுக்கும் நடைவழியும் சேர்ந்த 1.44 மீட்டர் வரிசைகள் ஐந்து. 7.5 என்று வைத்தால் நடைவழியின் நடுவே தூண் முளைக்கும்.

புத்தகத்தை வெயிலில் நிறுத்துவது

பாரிசில் டொமினிக் பெரோ வடிவமைத்த பிரான்சு தேசிய நூலகத்தில் திறந்த புத்தகம் போன்ற நான்கு கண்ணாடிக் கோபுரங்கள் உள்ளன. வாசகர்கள் கீழே, தோட்டத்தைச் சுற்றி. புத்தகங்கள் மேலே, கண்ணாடிக்குப் பின்னால். அந்தப் புத்தகங்களைக் காக்கக் கண்ணாடிக்கு உட்புறம் மரத்தடுப்புகள் வைக்க வேண்டியதாயிற்று. தூரத்திலிருந்து உள்ளே ஊடுருவித் தெரிந்திருக்க வேண்டிய கோபுரம், பலகை அடித்த கோபுரமானது.

1963-இல் திறந்த யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம் இதையே தலைகீழாகச் செய்தது. வெளிச்சுவரில் சுமார் 3 சென்டிமீட்டர் கனப் பளிங்குப் பலகைகள். ஒளி வடிகட்டப்பட்டு மங்கலாக உள்ளே வரும். அரிய நூல்கள் நடுவில் தனிக் கண்ணாடிக் கூண்டில். வெளிச்சம் வாசகருக்கு, இருட்டு புத்தகத்துக்கு.

கை எட்டாத அடுக்கு

சீனாவின் தியான்ஜின் பின்ஹாய் நூலகம் (2017) படங்களில் மயக்கும். அலையலையாகக் கூரை வரை ஏறும் அடுக்குகளில், மேலே உள்ளவற்றுக்குப் பின்புற அறைகள் வழியாகச் செல்லும் திட்டம் கட்டுமான அவசரத்தில் கைவிடப்பட்டது. இப்போது அங்கே இருப்பது துளையிட்ட அலுமினியத் தகட்டில் அச்சிட்ட புத்தகப் படம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 2019-இல் திறந்த ஹன்டர்ஸ் பாயின்ட் நூலகத்தில் புனைகதை அடுக்குகளின் மூன்று படிநிலைகளுக்குப் படிக்கட்டு மட்டுமே வழியாக இருந்தது. புத்தகங்களை இடம் மாற்றினார்கள், வழக்கும் வந்தது.

சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை சுமார் 1.2 மீட்டர் உயரம் எட்டும். நடைவழி 90 சென்டிமீட்டர் என்பது குறைந்தபட்சம், 110 இருந்தால் நல்லது. வரிசை முடியும் இடத்தில் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும்.

நடைவழிக்கு நேர்மேலே விளக்கு

அடுக்கை ஒரு முறை நகர்த்தியதும் வெளிச்சம் அடுக்கின் தலையில் விழும். விளக்கு வரிசையை அடுக்குகளுக்குக் குறுக்கே ஓட விடுங்கள், அல்லது அடுக்கிலேயே பொருத்துங்கள். வெளிச்சம் அடுக்கின் முகப்பில் 200 லக்ஸ் (ஒளியளவின் அலகு), மேசையில் 500. அளக்கும்போது கருவியைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். புத்தகத்தின் முதுகுக்கு நேராக நிறுத்தி, கடைசித் தட்டிலும் அளவெடுங்கள்.

முற்றத்தின் அடியில் குழந்தைகள் பகுதி

மேலே மூன்று மாடிக்கும் கேட்கும்.

திரும்பி வரும் புத்தகத்துக்கு வழி விடாதது

கொடுக்கும் மேசையை எல்லோரும் அழகாக வரைவார்கள். திருப்பிப் போடும் பெட்டி எங்கே, அதன் பின்னால் பிரித்து வைக்க அறை உண்டா, அங்கிருந்து மின்தூக்கி வரை தள்ளுவண்டி படியேறாமல் போகுமா? வரைபடத்தில் அந்த வழியைப் பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோடு கண்ணாடிக் கதவில் முட்டும்.