காரவெல் கட்டுவது எப்படி: முதுகுக் கோடு மறையும் வரை

பல்லாவரத்தில் எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் வயிறு தெரியும். டக்கோட்டாவும் ஃபோக்கரும் விசிறியைச் சுற்றிக்கொண்டு உறுமியபடி வரும். காரவெல் என்ற பிரெஞ்சு ஜெட் மட்டும் ஊளையிட்டுக்கொண்டு வரும். இந்தியன் ஏர்லைன்ஸ் 1964இல் அதை ஓட்டத் தொடங்கியது. இறக்கையில் ஒரு இன்ஜினும் கிடையாது, இரண்டும் வாலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அந்தச் சுத்தமான இறக்கையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். 31 வருடம் டிராப்ட்ஸ்மேனாக வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு, பாகங்களை ஒட்டி மாடல் விமானம் செய்யும் பிளாஸ்டிக் கிட்டுகளில் உட்கார்ந்தேன். இதுவரை கட்டியதில் மூன்று காரவெல். மூன்றாவதுதான் மனதுக்குப் பிடித்தபடி வந்தது. அதை எப்படிக் கட்டினேன் என்று எழுதுகிறேன்.

கிட் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய 1/144, அதாவது நிஜ விமானத்தில் 144இல் ஒரு பங்கு அளவு. இது 1960களின் அச்சு. உண்மையான காரவெல் 32 மீட்டர் நீளம், 34.3 மீட்டர் இறக்கை அகலம். இந்த அளவில் நீளம் 222 மில்லிமீட்டர், இறக்கை 238 மில்லிமீட்டர். ஒரு ஸ்கேலை விடக் கொஞ்சம் சிறியது, மேஜை மூலையில் வைத்துக் கட்டிவிடலாம். பெட்டியைத் திறந்ததும் பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு அப்படியே, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் வைத்து மெதுவாகத் தேய்த்துக் கழுவி உலரவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

அந்தக் காலத்து அச்சு என்பதால் உடம்பு முழுக்க மேடான கோடுகள் இருக்கும். 144இல் ஒரு பங்கு அளவில் தகட்டு இணைப்புகள் கண்ணுக்கே தெரியக் கூடாது. எனவே தயங்காமல் தேய்த்து எடுத்துவிடுங்கள். இறக்கை மேல் நிற்கும் மெல்லிய தடுப்புத் தகடுகளை மட்டும் காப்பாற்றுங்கள். அவை நிஜ விமானத்தில் உண்டு.

ஒட்டுவதற்கு முன்னால் மூக்கில் எடை. இன்ஜின் பின்னால் இருக்கும் விமானம் எதுவானாலும் மாடலில் வாலில் உட்கார்ந்துவிடும். எவ்வளவு எடை வேண்டும் என்று ஊகிக்காதீர்கள். உடலின் இரண்டு பாதிகளையும், இறக்கை, வால், இன்ஜின் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்துக் கட்டுங்கள். பிரதான சக்கரக் கால் நுழையும் துளைகளுக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் கிடத்தி அதன் மேல் வையுங்கள். மூக்கு நுனிக்குப் பின்னால், வெளியே, தூண்டில் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மூக்கு இறங்கும். அதற்கு மேல் இன்னும் 4 கிராம் சேர்த்து, அத்தனையையும் உள்ளே வையுங்கள். எனக்கு மொத்தம் 18 கிராம் ஆனது. ஈயத்தை அரால்டைட்டால் ஒட்டுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம். அது ஈயத்தோடு வினைபுரிந்து பல மாதம் கழித்து உப்பி, ஒட்டிய உடலையே பிளந்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். என் பேத்தி உதவிக்கு வருவாள், ஆனால் இந்த ஒரு வேலையில் மட்டும் அவளைச் சேர்ப்பதில்லை.

உடலை மூடும் முன் உட்புறம் முழுவதும் கறுப்பு அடித்துவிடுங்கள். ஏன் என்று ஜன்னல் பற்றிச் சொல்லும்போது புரியும்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வந்துவிட்டேன். போர் விமானத்துக்குப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக நிறம் உண்டு, அழுக்கு உண்டு, அதில் சிறு குறைகள் மறைந்துவிடும். பயணிகள் விமானம் பளபளப்பான வெள்ளைக் குழாய். முதுகில் இரண்டு பாதிகள் சேரும் கோடு முடி அளவுக்குத் தெரிந்தாலும் அது விமானமாக இராது, ஒட்டிய பொம்மையாகிவிடும்.

என் முதல் காரவெலில் அந்தக் கோட்டை ஒட்டி, அடுத்த நாளே தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வெள்ளை அடித்து, டீகல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படத்தாள்) ஒட்டி, அலமாரியில் வைத்தேன். ஆறு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், மேற்கு வெயில் பட்டபோது, மூக்கிலிருந்து வால் வரைக்கும் மெல்லிய பள்ளமாக ஒரு கோடு ஓடியது. பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. கரைந்த பிளாஸ்டிக்கிலிருந்து கரைப்பான் முழுவதும் வெளியேற நாள் ஆகும். வெளியேற வெளியேற அது சுருங்கி உள்வாங்கும். நான் சுருங்கும் முன்பே சமன் செய்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டு பாதிகளையும் விரலால் லேசாகத் திறந்து பிடித்து, டமியாவின் பச்சை மூடி போட்ட மெல்லிய பசையைக் கோட்டின் மேல் பிரஷால் தொட்டு ஓடவிடுங்கள். அரை நிமிடம் கழித்து அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரப்பாகக் கோடு நெடுக வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் மறுபடி பசை விடுங்கள். டேப் சுற்றி, முழுதாக ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். மழைக்காலமானால் பத்து நாள். “ஏன் தாத்தா சும்மாவே வெச்சிருக்கீங்க?” என்று பேத்தி தினமும் கேட்டாள். மோந்து பார்க்கச் சொன்னேன். ஐந்தாவது நாளும் பசை வாசனை இருந்தது. “இன்னும் காயல போல” என்று அவளே சொன்னாள்.

வாசனை போன பிறகு வரப்பைக் கத்தியால் சீவி, வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். முதலில் 400 எண் தாள், பிறகு 800, கடைசியில் 1000. தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் விரலின் வளைவில் பள்ளம் விழும். ஸ்பாஞ்சுத் துண்டில் சுற்றி, உடலின் வட்டத்தை ஒட்டியே குறுக்கு வாட்டில் தேயுங்கள். பள்ளம் எங்காவது மிஞ்சினால் ஃபெவிக்விக்கோடு கொஞ்சம் டால்கம் பவுடர் குழைத்து நிரப்பலாம். இது சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும், ஒரு நாள் விட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, சுற்றி இருப்பது தேயும், அது தேயாது. பிறகு சாம்பல் பிரைமர் அடித்து, இருட்டு அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்துப் பாருங்கள். நிழல் தெரிந்தால் திரும்பவும் தேய்ப்பு. எனக்கு நான்கு சுற்று ஆனது.

இறக்கையும் வாலும் ஒட்டுவது சுலபம். அட்டையில் முன்பக்கத் தோற்றத்தை வரைந்து வெட்டி, இரண்டு பக்க இறக்கையும் ஒரே அளவு மேலே தூக்கியிருக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். படுக்கை வால் செங்குத்து வாலின் நடுவில் ஏறி நிற்கும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் எதிரே நிற்கும் யாருக்கும் தெரிந்துவிடும்.

அப்புறம் வெள்ளை. நான் டமியா டிஎஸ்-26 ஸ்ப்ரே டப்பா பயன்படுத்துகிறேன். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் தூவல் மெலிதாகும். அடுப்புக்கோ வெந்நீருக்கோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும். வண்டிப் பெயின்டுக்கு விற்கும் தின்னரையும் இந்தப் பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், உருகிவிடும். முதல் இரண்டு பூச்சு பனி படர்ந்த மாதிரி, சாம்பல் தெரியட்டும். வெள்ளை ஒரே பூச்சில் மூடாது, மூட வைக்க நினைத்தால் வழியும். மூன்றாவதும் நான்காவதும் கொஞ்சம் ஈரமாக. சென்னையில் காலை பத்து மணியிலிருந்து மதியம் மூன்று மணிக்குள், வெயில் இருக்கும் நாளில் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் பெயின்டில் இறங்கி, பளபளப்பு பூத்துப் போய்விடும். இரண்டு நாள் காயவிட்டு, ஒட்டிய தூசியை 2000 தாளால் தண்ணீர் தொட்டு எடுங்கள்.

நான் செய்தது ஏர் ஃபிரான்ஸ் நிறம். முதுகு வெள்ளை, நடுவில் நீலப் பட்டை, வயிறு வெறும் அலுமினியம். வெள்ளையை முதலில் அடித்துவிட்டு உலோக நிறத்தைப் பிறகு அடிப்பதே நல்லது, உலோகப் பெயின்டின் மேல் டேப் ஒட்டினால் உரியும். வெள்ளைக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள எல்லையை நீலப் பட்டை ஒட்டப்போகும் இடத்துக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். டேப் விளிம்பு கொஞ்சம் கோணினாலும் டீகல் அதை மூடிவிடும். உலோகத்துக்கு அடியில் பளபளப்பான கறுப்பு, அதன் மேல் அலுமினிய நிறம், ஏர்பிரஷில் மிக மெல்லிசாக. கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு மினுக்கும்.

பழைய பெட்டியின் டீகல் மஞ்சளாகியிருக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒரு வாரம் ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். தேவையில்லாத ஒரு துண்டை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடைந்தால் முழுத் தாளுக்கும் மைக்ரோஸ்கேல் லிக்விட் டீகல் ஃபிலிம் பூசிக் காயவிட்டு, ஒவ்வொன்றையும் நெருக்கமாக வெட்டி எடுங்கள். நீளமான பட்டையை ஒரே துண்டாக ஒட்ட முயலாமல், கதவு வரும் இடத்தில் வெட்டி இரண்டு மூன்றாக ஒட்டலாம். டீகலைப் படிய வைக்கும் திரவங்கள் இரண்டு: நீல லேபிள் மைக்ரோ செட் அடியில், சிவப்பு லேபிள் மைக்ரோ சால் மேலே. சிவப்பைத் தொட்டதும் டீகல் சுருங்கும், பயப்படாதீர்கள், கை வைக்காமல் விட்டால் தானே படிந்துவிடும்.

கடைசியாக ஜன்னல். காரவெலை நூறு அடி தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது அதுதான். மூலைகள் உருண்ட முக்கோணம், அகலமான பக்கம் கீழே. ஜன்னல் சிறியதாக இருக்க வேண்டும், அதே சமயம் பயணிக்குத் தரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று அப்படி வடிவமைத்தார்கள். மூக்கும் விமானி அறையும் பிரிட்டனின் காமெட் விமானத்திலிருந்து உரிமம் பெற்று எடுத்தவை, ஜன்னல் முழுக்க முழுக்க, காரவெல் உருவான பிரெஞ்சு ஊரான துலூஸில் பிறந்தது. மற்ற ஜெட் மாடல்களில் ஜன்னல் துளைகளை அடைத்து, மேலே டீகல் ஒட்டுவேன், சுத்தமாக இருக்கும். காரவெலில் மட்டும் மனம் வராது. துளைகளை ஊசி அரத்தால் முன்பே சீராக்கி வைத்துவிடுங்கள். நீலப் பட்டை துளை மேல் ஓடினால், காய்ந்ததும் கத்தி முனையால் நடுவில் கீறி, மைக்ரோ சால் தொடுங்கள், விளிம்பு உள்ளே மடியும். டீகல் மேல் அடிக்கும் நிறமில்லாத, பளபளப்பான கிளியர் பூச்சு முடிந்த பிறகு, கிறிஸ்டல் கிளியர் என்ற திரவத்தைப் பல் குச்சியில் எடுத்துத் துளையின் விளிம்பைச் சுற்றித் தடவி இழுத்தால், சோப்புக் குமிழி மாதிரி படலம் மூடிக்கொள்ளும். பால் மாதிரி இருப்பது ஒரு மணி நேரத்தில் கண்ணாடியாகத் தெளியும். உள்ளே அடித்த கறுப்பு இப்போது வேலை செய்யும். இந்தப் பக்கத்து ஜன்னல் வழியே அந்தப் பக்கம் தெரியாது, ஆழம் மட்டும் தெரியும்.

அத்தனை ஜன்னலையும் என் பேத்திதான் மூடினாள். என் கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, அவளுடையது நடுங்குவதில்லை. ஒரு ஜன்னலில் படலம் அறுந்தது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள், நின்றது.

சக்கரங்களை எல்லாம் முடிந்த பிறகு மாட்டுங்கள், முன்பே மாட்டினால் கையில் பட்டு உடையும். மாடலை மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், வெள்ளை பழுத்துவிடும். தூசியைத் துணியால் துடைக்காமல், மேக்கப் பிரஷ் போன்ற மிருதுவான ஒன்றால் மூக்கிலிருந்து வால் நோக்கித் தட்டிவிடுங்கள்.