கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிறதா? கழற்றிப் பார்க்கும் முறை

வண்டி நின்ற இடத்தில் பெட்ரோல் வாடை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குக் கீழே தொங்கும் டியூபிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கிறது. இதைத்தான் ஓவர்ஃப்ளோ என்கிறோம். கார்புரேட்டரையே மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஒரு சின்ன ஊசியில்தான் இருக்கும்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவைக் குழாய் மாதிரிதான். ஊசி சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் நிற்காது.

முதலில் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். இன்ஜின் ஆறட்டும். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

அடுத்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அளவு ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ, உள்ளே பெட்ரோல் இறங்கிவிட்டது. அந்த ஆயிலில் வண்டியை ஓட்டினால் பேரிங் போகும். ஒழுகலைச் சரிசெய்த பிறகு ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள்.

சரி, இப்போது எளிய வைத்தியம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை லேசாகத் தட்டிவிட்டு டேப்பைத் திறங்கள். ஒழுகல் நின்றால், ஊசியில் தூசி சிக்கியிருந்தது என்று அர்த்தம். கிண்ணத்தின் ட்ரெய்ன் ஸ்க்ரூவை (பெட்ரோலை வடிக்கும் ஸ்க்ரூ) திறந்து பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் செம்பழுப்புப் பொடி படிந்தால் டேங்கில் துரு இருக்கிறது.

நிற்கவில்லையா? டேப்பை மூடிவிட்டு கிண்ணத்தைக் கழற்ற வேண்டியதுதான். அந்த ஸ்க்ரூக்களின் தலை மென்மையானது, சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரையே பயன்படுத்துங்கள். மிதவையைப் பிடித்திருக்கும் பின்னை (சிறு கம்பி) மெதுவாக உருவினால் மிதவையும் ஊசியும் வெளியே வரும். அதை ஓங்கித் தட்டாதீர்கள், அதைத் தாங்கும் தூண் உடைந்தால் சரிசெய்வது கடினம்.

ஊசியை வெளிச்சத்தில் பிடித்து நுனியைப் பாருங்கள். தேய்ந்த ஊசியில் சுற்றிலும் மெல்லிய வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். தட்டுப்பட்டால் புது ஊசிதான், தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஊசி உட்காரும் இடத்தைக் கார்புரேட்டர் கிளீனரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். கம்பி, உப்புத்தாள் வேண்டாம். அந்த சீட் தனியாகக் கழன்று வரும் வகை என்றால் அதன் ஓ ரிங்கையும் (ரப்பர் வளையம்) மாற்றுங்கள். நான் ஒருமுறை புது ஊசி போட்டும் ஒழுகல் நிற்கவில்லை. காய்ந்துபோன ஓ ரிங்கைச் சுற்றி பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது.

மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை, அது பெட்ரோலில் மூழ்கும். மிதவை இருக்க வேண்டிய உயரம் வண்டிக்கு வண்டி மாறும், அந்த அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடமும் உண்டு: சில கிண்ணங்களுக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய். அதில் விரிசல் இருந்தால் ஊசி நன்றாக இருந்தும் சொட்டும். கழற்றிய கிண்ணத்தில், குழாய் வாய்க்குச் சற்றுக் கீழ்வரை பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் விரிசல்தான்.

எல்லாம் பூட்டிய பிறகு டேப்பைத் திறந்து பத்து நிமிடம் காத்திருங்கள். டியூப் காய்ந்தே இருந்தால் பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக் போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் துருவைப் பார்த்தவர்கள் டேங்கைச் சுத்தம் செய்து ஒரு ஃபில்டரும் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் புது ஊசியிலும் அதே பொடிதான் போய் உட்காரும்.