நீலகிரியிலிருந்து ஜப்பானிய நகரங்களுக்குத் தனித்துச் செல்வோர்க்கு

குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்து ஜப்பானுக்குச் செல்ல நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதத்தை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் வெயில் 35 டிகிரியைத் தொடுவது சாதாரணம். காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்வதால், மலைக்குளிரில் பழகிய உடல் விரைவில் சோர்ந்துவிடும். செர்ரி பூக்கும் மார்ச் இறுதியும் ஏப்ரல் தொடக்கமும் அழகானவைதாம். ஆனால் அப்போது அறை வாடகை உச்சத்தில் இருக்கும்; இங்கே சீசனை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் அது கடையை விட்டு நகர முடியாத காலம். மேப்பிள் இலைகள் சிவக்கும் நவம்பரின் பிற்பாதியையே நான் பரிந்துரைப்பேன். ஊட்டியில் அணியும் ஸ்வெட்டரே அதற்குப் போதும். கியோட்டோவில் அந்த நாட்களிலும் கூட்டம் மிகும் என்பதால், அறையைச் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

இந்தியர்கள் விசாவை முன்கூட்டியே பெற வேண்டும். அதற்கு நாள்வாரியான பயணத் திட்டத்தையும் எழுதித் தர வேண்டும். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்றால் டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பலாம் என்பதால், வந்த வழியே மீண்டும் பயணம் செய்யும் செலவு மிச்சமாகும். கூடலூர்க்காரர்கள் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தால், பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதைக் கணக்கில் கொண்டு கிளம்ப வேண்டும்.

பத்து நாள் பயணத்துக்கு இரண்டு நகரங்கள் போதும், மிஞ்சினால் மூன்று. ஜப்பான் முழுவதும் செல்லும் ரயில் பாஸை வாங்கியே ஆக வேண்டும் என்ற பழைய அறிவுரை இப்போது பொருந்தாது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணமோ ஏறத்தாழ 14,000 யென்தான். அந்தந்தப் பயணத்துக்குச் சீட்டு வாங்குவதே சிக்கனம். அவற்றுள் விரைவான நொசோமி வண்டி இந்தத் தொலைவை ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் கடந்துவிடும்.

நகரத்துக்குள் சுற்றுவதற்கு சூய்கா, பாஸ்மோ, இகோகா ஆகிய முன்பண அட்டைகளில் ஏதேனும் ஒன்று போதும். டோக்கியோவில் வாங்கிய அட்டை ஒசாகாவிலும் செல்லும். ரயில், பேருந்து, சிறுகடை, தானியங்கிப் பானப் பெட்டி எல்லாவற்றிலும் அதைத் தொட்டுப் பணம் செலுத்தலாம். ஆனால் புதியவரைத் திணறடிப்பது கட்டணமன்று, நிலையங்களே. ஷின்ஜுகு நிலையத்துக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட வாயில்கள் உண்டு. தவறான வாயிலில் வெளியேறினால், எதிரே தெரியும் கட்டடத்தை அடையக்கூடக் கால் மணி நேரம் சுற்ற நேரிடும். ஆகவே அறையை விட்டுக் கிளம்பும்போதே, இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரோடு வெளியேறும் வாயிலின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளின் எண்களைச் சொல்லியே நாம் இடத்தை அடையாளம் காட்டுவதைப் போன்ற ஏற்பாடுதான் இது. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது பகுதி, மனைத்தொகுதி, கட்டடம் ஆகியவற்றின் எண்களால் ஆனது. அதனால் தெருப்பெயரைத் தேடி நடப்பதில் பயனில்லை. வழி தவறினால் ‘கோபான்’ எனப்படும் சிறிய காவல் சாவடியில் முகவரியைக் காட்டுங்கள். வழி சொல்வது அங்குள்ள காவலர்களின் அன்றாட வேலைகளுள் ஒன்று.

டோக்கியோவை ஒரே நகரமாகப் பார்க்க முயலாமல், ஒரு காலைக்கு ஒரு நிலையம் என்று பிரித்துக்கொள்வதே என் வழி. 30 நிலையங்களைக் கொண்ட யமனோத்தே வட்டப்பாதை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நகரைச் சுற்றிவரும். அதில் நிப்போரியில் இறங்கி மேற்கே நடந்தால் யானாக்கா வரும். 1923 நிலநடுக்கத்திலும் பின்னர் வந்த போரிலும் பெரிதும் அழியாமல் தப்பிய பகுதி அது. கோயில்கள், கல்லறைத் தோட்டம், குறுகிய கடைத்தெரு எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. கண்ணாடிக் கோபுரங்களைப் பார்ப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அந்த ஊரின் பழைய அளவு இங்கேதான் மனத்தில் பதிகிறது.

கியோட்டோவில் பேருந்துகள் நிரம்பி வழியும் என்பதால், சுரங்க ரயிலில் அருகில் சென்று மீதியை நடந்து கடப்பது மேல். தேயிலைத் தோட்டத்தோடு தொடர்புள்ளவர்கள் தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊஜி ஊருக்கு அரை நாளை ஒதுக்க வேண்டும். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா பாதை ரயிலில் அரை மணிக்குள் சென்றுவிடலாம். நம் தொழிற்சாலைகள் கொழுந்தை வாடவைத்து அரைத்து நொதிக்க விடுகின்றன. அங்கே பறித்த உடனேயே ஆவியில் காட்டி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். பறிப்பதற்கு முன் சில வாரங்கள் செடிகளை நிழலில் மூடி வைக்கும் முறையும் உண்டு.

சைவ உணவுக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் கிண்ணத்திலும், உலர்த்திய மீனைக் கொதிக்கவைத்து எடுத்த ‘தாஷி’ என்னும் சாறு கலந்திருப்பது வழக்கம். மிசோ என்னும் சோயா விழுதில் செய்யும் சூப்பும் ஊதோன் நூடுல்ஸின் குழம்பும் பெரும்பாலும் அதில்தான் ஆகின்றன. இறைச்சி, மீன், மீன்சாறு எதையும் உண்பதில்லை என்று ஜப்பானிய மொழியில் எழுதிய தாளைக் கடையில் காட்டுவதே பாதுகாப்பு. கியோட்டோவின் சில கோயில்களை ஒட்டிக் கிடைக்கும் துறவியர் உணவு முழுச்சைவம். டோக்கியோவில் இந்தியர்கள் மிகுந்து வாழும் நிஷி-கசாய் பகுதியிலும், சமணக் கோயில் உள்ள கோபே நகரத்திலும் நம் ஊர்ச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

கோபேயை வழிகாட்டிகள் பலவும் விரைந்து கடந்துவிடுகின்றன என்பது என் வருத்தம். ஒசாகாவிலிருந்து அரை மணிக்குள் எட்டிவிடும் இந்தத் துறைமுக நகரம், கடலுக்கும் 931 மீட்டர் உயரமுள்ள ரோக்கோ மலைக்கும் இடையில் சரிந்து கிடக்கிறது. ஷின்-கோபே நிலையத்தின் பின்புறமே நுனோபிகி அருவிக்கு ஏறும் பாதை தொடங்குகிறது. ஏற்றம் பழகிய கால்களுக்கு அது எளிது.

அங்கு மின்சாரம் 100 வோல்ட். சுவர்த்துளைகள் தட்டையான இரு முனைகளுக்கே பொருந்தும் என்பதால் அதற்கான மாற்றியைக் கொண்டு செல்லுங்கள். பெரிய பெட்டியை விடுதியிலிருந்தே கூரியர் வழியாக அடுத்த நகரத்து விடுதிக்கு அனுப்பிவிடலாம். பெரும்பாலும் மறுநாளே சேர்ந்துவிடும். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்று காலை 5 மணியளவில்தான் மீண்டும் ஓடும், டாக்சியோ மிகவும் செலவு வைக்கும் என்பதால், அன்றைய கடைசி வண்டியின் நேரத்தை மாலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.