எஞ்சின் ஆயிலோடு நிறுத்தாதீங்க, பிரேக் ஆயிலையும் மாத்துங்க

வீட்டில் பைக்குக்கு ஆயில் மாற்றுபவர்கள் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலோடு நிறுத்தி, ஸ்பேனரைக் கழுவி வைத்துவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சரி, முதலில் எஞ்சின் ஆயில். வண்டியை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி முழுசாக வடியவிடுங்கள். வாஷர் நசுங்கியிருந்தால் புதுசு போடுங்கள், அலுமினியத்தில் இருக்கும் மரை என்பதால் பலத்தைக் காட்டி முறுக்க வேண்டாம். கியர் வண்டி என்றால் ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பான் தரக்குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். மிச்சமிருக்கிற கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். எவ்வளவு ஊற்றுவது என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பழைய ஆயிலை ஓடையிலோ குளத்துப் பக்கமோ கொட்டாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

இனி டிஸ்க் பிரேக்கில் இருக்கும் பிரேக் ஆயில். அதில் டாட் 3, டாட் 4 என்று தரவகைகள் உண்டு, இரண்டுமே காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம்ம குமரி மாவட்டத்திலோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, போதாததுக்குக் கடல் காற்று வேறு. டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரைகூட இறங்கலாம். பாலமோர் பக்கம் மலையிறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் சூடாகி, உள்ளே ஆவி உண்டாகி, லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். எனக்கு ஒருமுறை அமுங்கியது, அன்றைக்கு இரண்டாம் கியர்தான் காப்பாற்றியது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் என்ன டாட் எழுதியிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். போன வருடம் திறந்த பாட்டில் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் மூடுங்கள், சொட்டு விழுந்தால் பெயிண்ட் உரியும், விழுந்த உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கொளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்து வண்டிகளில் மூடி ஸ்குரூவும் நிப்பிளும் (சக்கரத்துப் பக்கம் பிரேக்கில் ஆயில் வெளியேற்றும் சின்னத் திருகு) துருவில் இறுகியிருக்கும், முதல் நாளே துருநீக்கி தொட்டு வைத்து (டிஸ்க்கிலும் பேடிலும் படக்கூடாது), ரிங் ஸ்பேனரால் மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். லிவரை நாலு தடவை அமுக்கிப் பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அப்புறம்தான் லிவரை விட வேண்டும், மாற்றிச் செய்தால் காற்று உள்ளே போய்விடும். மேலே டப்பாவில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே, குமிழி இல்லாமல் தெளிந்த ஆயில் வரும்வரை இதையே செய்யுங்கள். ஏபிஎஸ் வண்டியில் காற்று புகுந்துவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், நோண்ட வேண்டாம்.

முடிந்ததும் லிவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. முற்றத்திலேயே தள்ளி, பிரேக் பிடித்துப் பார்த்த பிறகுதான் ரோட்டில் இறக்க வேண்டும்.