மாப்பிள்ளைத் தோழனுக்கும் சேக்காளிகளுக்கும் என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது

மாப்பிள்ளையாகப் போகிறவரே, கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே ஒரு தாளை எடுத்து இரண்டு பட்டியல் எழுதிவிடுங்கள். ஒன்றில் முறைக்காரர்கள், அதாவது முறை செய்ய வேண்டிய சொந்தக்காரர்கள் வரட்டும், இன்னொன்றில் சேக்காளிகள், அதாவது கூட்டாளிகள். இந்த இரண்டையும் கலந்தால்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது.

திருநெல்வேலிப் பக்கம் மாப்பிள்ளைத் தோழனாக மணையருகில் நிற்பவர் பல வீடுகளில் பெண்ணின் கூடப்பிறந்தவர். சில வீடுகளில் மாப்பிள்ளையின் அக்காள் வீட்டுக்காரர் நிற்பார். அவருக்குச் செய்வது முறை. மோதிரமா, வேட்டி சட்டையா, இரண்டுமா, யார் யாருக்குப் போடுவது என்பதெல்லாம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இதில் மாப்பிள்ளை தன் இஷ்டத்துக்கு எதையும் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் சரி. மைத்துனர் இரண்டு பேர் இருந்து ஒருவருக்கு மட்டும் மோதிரம் என்றால், அதை மணமேடையில் வைத்து அறிவிக்காமல் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

மோதிரம் என்று முடிவானால் எடையைப் பாருங்கள். கால் பவுன், அதாவது 2 கிராமில் ஆண்களுக்கு மோதிரம் செய்யலாம். ஆனால் வளையம் மெலிந்துபோகும். பைக் ஓட்டுகிற, பாரம் தூக்குகிற கையில் சீக்கிரம் நெளியும். அரைப் பவுன் என்றால் தாங்கும். அவ்வளவு முடியாது என்றால் 2 கிராமிலேயே கல் இல்லாமல், முகப்பைச் சிறிதாக வைத்து, அந்தத் தங்கத்தை வளையத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அளவு தெரியாமல் வாங்குவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. அவர் ஏற்கெனவே போட்டிருக்கும் மோதிரம் ஒன்றை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள். எந்த விரலில் போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் அளப்பதாக இருந்தால் சாயங்காலம் அளக்க வேண்டும். வெயிலில் அலைந்த விரல் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும், கல்யாண நாளிலும் அப்படித்தான் இருக்கும். 916 முத்திரையும் ஆறு எழுத்து எச்யூஐடி எண்ணும் (ஒவ்வொரு நகைக்கும் தனியாக உள்ள அடையாள எண்) நகைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் தங்கத்தின் விலை, சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். பில்லையும் மைத்துனர் கையிலேயே கொடுத்துவிட்டால் அளவு மாற்ற அவரே போய்க்கொள்வார்.

இனி சேக்காளிகள். இங்கே முறை கிடையாது, அதனால்தான் யோசனை தேவைப்படுகிறது. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவன் என்ன செய்தான், செய்யப்போகிறான் என்று ஒரு வரி எழுதுங்கள். பத்திரிகை வைக்க உங்களோடு களக்காட்டிலிருந்து கடையம் வரை பைக்கில் அலைந்தவன், பந்தியில் நின்று பரிமாறியவன், மண்டபத்தில் இரவு முழுக்க விழித்திருந்து சாமான் அறைச் சாவியை வைத்திருந்தவன், வேலைக்கு லீவு போட்டு வெளியூரிலிருந்து வந்தவன். இந்த ஒரு வரியை எழுதி முடிக்கும்போதே பாதிப் பேருக்கு என்ன வாங்கலாம் என்று தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கணக்கு. பிளக்ஸ் அடித்தது, மாலை, வண்டிக்குப் பெட்ரோல், பட்டாசு என்று உங்களுக்காக அவர்கள் கைக்காசு போட்டிருப்பார்கள். கேட்டால் "விடுலே" என்பார்கள். விடக் கூடாது. அது கடன், அதைத் தீர்ப்பது அன்பளிப்பு ஆகாது. அவர்கள் விருப்பப்பட்டுச் செய்த செலவை விட்டுவிடுங்கள், நீங்கள் சொல்லிச் செய்த செலவை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஆட்டோ ஓட்டுகிறவன், தினக்கூலிக்குப் போகிறவன் என்றால் அவன் விட்டுவிட்டு வந்த நாட்களும் உங்கள் நினைவில் இருக்க வேண்டும். அவனுக்கு அலங்காரப் பொருள் வாங்குவதைவிட, வேட்டி சட்டையோடு ஒரு கவரும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. மொய் நோட்டில் அவன் எழுதிய தொகையை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அதற்குத் திருப்பிச் செய்யும் மொய் தனியாக, அவன் வீட்டு விசேஷத்தில் நடக்கும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வேட்டி சட்டை எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான், ஆனால் பாதி இடங்களில் கெட்டுப்போவது கடைசி வாரத்தில் எடுப்பதால். முதல் விஷயம் நிறம். ஒரே நிறம் என்று இரண்டு தடவையாக எடுத்தால் சாயம் ஒத்து வராது. போட்டோவில் பளிச்சென்று தெரியும். எத்தனை பேர் என்று எண்ணி, ஒரே ரோலில் ஒரே நாளில் வெட்டி வாங்குங்கள். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கை சட்டைக்கு 1.60 மீட்டர் போதும். உயரமானவன், பருமனானவன் என்றால் 2 மீட்டர் வரை ஆகும். 36 அங்குல அகலம் என்றால் 2.25 முதல் 2.50 மீட்டர். ஆறு பேருக்கு 58 அங்குலத்தில் 11 மீட்டர் எடுத்தால் ஒருவனுக்குக் கூடக் குறைய ஆனாலும் சமாளிக்கலாம். காட்டன் என்றால் தைக்கும் முன் தண்ணீரில் நனைத்து உலர்த்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி, கல்யாணத்தோடு அந்தச் சட்டையின் ஆயுசு முடிந்துவிடும்.

தையல்காரரிடம் மூன்று வாரத்துக்கு முன்னால் துணி போய்விட வேண்டும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் எல்லாத் தையல்காரரும் நெருக்கடியில் இருப்பார்கள். ஐப்பசிக் கல்யாணம் என்றால் தீபாவளித் துணியோடு மோதும், இன்னும் இரண்டு வாரம் முன்னால் போங்கள். ரெடிமேட் எடுப்பதாக இருந்தால் 'எல்லோருக்கும் 40' என்று போனில் கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு வேறு. அவனவனுக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்து எடுங்கள்.

வேட்டியில் நாலு முழம், எட்டு முழம் என்று இரண்டும் கிடைக்கும். நாலு முழம் ஏறக்குறைய 2 மீட்டர், எட்டு முழம் அதைப்போல் இரு மடங்கு. மேடை விளக்கிலும் வீடியோ வெளிச்சத்திலும் நாலு முழ ஒற்றை வேட்டி உள்ளே தெரியும், ஆகையால் மேடை ஏறுகிறவர்களுக்கு எட்டு முழமே எடுங்கள். புது வேட்டியின் கஞ்சி இடுப்பில் நிற்காமல் வழுக்கும். ஒரு தடவை அலசிக் காயப்போட்டு இஸ்திரி போட்டுக் கட்டினால் நிற்கும். வேட்டி கட்டிப் பழகாத பையன்களுக்கு வெல்க்ரோ வைத்த வேட்டி கொடுத்துவிடுங்கள். ஓடியாடி வேலை செய்கிறவனுக்கு அதில் ஒரு பாக்கெட்டும் இருந்தால் பெரிய உதவி. கரையின் நிறம் சட்டையோடு சேர்கிறதா என்பதைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

ஆனாலும் இந்த உடுப்பை மட்டும் கொடுத்துவிட்டு அன்பளிப்பு கொடுத்தாயிற்று என்று இருந்துவிடக் கூடாது. அது உங்கள் கல்யாணத்துக்காக அவன் போட்டுக்கொண்டது. அவனுக்கென்று ஒன்று தனியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதியை உடுப்புக்கும், பாதியை ஆளுக்கொன்றாக வாங்கும் பொருளுக்கும் ஒதுக்குங்கள். நெருக்கடியாக இருந்தால் உடுப்பைச் சாதாரணத் துணியில் எடுத்து, இரண்டாவதைக் குறைக்காமல் வையுங்கள்.

இந்த இரண்டாவது பொருளுக்கு நம் ஊரிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. பத்தமடைப் பாய் அதில் முதலாவது. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது. முரட்டுப் பாய், நயம் பாய், பட்டுப் பாய் என்று தரம் ஏற ஏற கோரையை மெலிதாகக் கீறுவார்கள், நாளும் கூலியும் அதற்கேற்ப ஏறும். பெயரும் தேதியும் வைத்து நெய்து கொடுப்பார்கள். ஆனால் அதற்குப் பல வாரம் பிடிக்கும் என்பதால் முகூர்த்தம் குறித்த கையோடு சொல்லி வைக்க வேண்டும். எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், நெய்தபின் திருத்த முடியாது. சொந்த வீட்டில் இருக்கும் கூட்டாளிக்கு முழுப் பாய், பெங்களூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவனுக்குச் சுவரில் மாட்டும் சிறிய பாய் அல்லது சாப்பாட்டு மேசை விரிப்பு. மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், ஈரம் பட்டால் நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் சாயம் வெளிறும், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். இதை ஒரு சீட்டில் எழுதிப் பாயோடு வைத்துவிடுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் சேக்காளிக்கு அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமான் கொடுத்தால் அவனைவிட அவன் மனைவி அதிகம் சந்தோஷப்படுவாள். மாதக்கணக்கில் அவனை உங்கள் வேலைக்கு விட்டுக் கொடுத்தவள் அவள்தானே. அரக்குச் சாயம் ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். குழந்தை வாயில் வைக்கும் பொருள். மிகச் சிறிய துண்டுகள் இருக்கும் பெட்டியை மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

பைக்கில் அலைந்தவனுக்கு நல்ல ஹெல்மெட்டைவிடப் பொருத்தமானது வேறு கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றித் தலையளவு எடுங்கள். போட்டபின் ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும்; தனியாக ஆடினால் பெரிய அளவு. கல்யாணத்துக்கு முந்தின இரவு பாட்டில் விருந்துக்கென்று ஒதுக்குகிற பணத்தை இதில் போடுங்கள். குடித்துவிட்டு நள்ளிரவில் நான்குவழிச்சாலையில் பைக்கை எடுக்கிறவன் உங்கள் கல்யாணத்துக்கு வந்த பிள்ளை.

எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பது பழைய வழக்கம், இன்றும் நன்றாகவே இருக்கிறது. தினமும் கையில் எடுக்கிற டம்ளர் அல்லது டிபன் கேரியராக இருக்கட்டும். உங்கள் பேரைப் பெரிதாக வெட்டி அவன் பேரை விட்டுவிடாதீர்கள். அவன் பேரும் தேதியும் போதும். செம்பு, பித்தளை வாங்குவதென்றால் புளி போட்டுத் துலக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு மட்டும். சாமி உருவம் பதித்த வெள்ளிப் பொருளை மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் கொடுப்பதையும் தவிர்க்கலாம். மேலப்பாளையத்து முஸ்லிம் கூட்டாளியும் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கூட்டாளியும் ஒரே பந்தியில் பரிமாறியவர்கள். கொடுத்த பொருளை அவர்கள் வீட்டில் வைக்க முடிய வேண்டும்.

தின்பண்டம் வெளியூர்க்காரனுக்கு. உள்ளூர்ப் பையனுக்கு அல்வா கொடுத்தால் அது அவன் தெருமுனையில் கிடைப்பது. கோயம்புத்தூரிலிருந்து வந்தவனுக்கு அரை கிலோ அல்வா, அவன் கிளம்பும் அன்று வாங்கியதாக இருக்க வேண்டும். திருநெல்வேலி டவுன் கீழரத வீதி இருட்டுக்கடையில்தான் வேண்டும் என்றால் அது மாலையில் திறப்பது, வரிசை நீளம். ரயில் நேரத்தைக் கணக்குப் பண்ணி வேறொரு ஆளை அனுப்புங்கள். பிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து இறுகும் என்று சொல்லிக் கொடுங்கள். விமானத்தில் போகிறவன் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடட்டும். உடன்குடிக் கருப்பட்டியும் நல்ல பொருள். உடைத்த முகத்தில் சீனிப் பரல் மினுங்கினால் கலப்படம். மழைக்காலத்தில் கசியும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொடுங்கள்.

கொடுக்கும் நேரம் பொருளைப்போலவே முக்கியம். உடுப்பு பத்து நாளுக்கு முன்னால் கைக்குப் போக வேண்டும், சரிசெய்ய அவகாசம் வேண்டுமல்லவா. மற்றதை ரிசப்ஷன் மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டாம்: பின்னால் வரிசை நிற்கும், அவன் வாங்கிக் கீழே இறங்குவதற்குள் யாராவது "பந்திக்கு ஆள் வேணும்" என்று கூப்பிடுவார்கள், பொருள் ஏதோ நாற்காலியில் கிடக்கும். மண்டபத்தில் கைமாறிய பைகள் காணாமல் போவது சாதாரணம். தாம்பூலப் பையோடு சேர்த்தும் கொடுக்காதீர்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவனுக்கு மட்டும் அன்றே, ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன், பெட்டிக்குள் அடங்கும் அளவில் கொடுத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு மறுவீடு முடிந்தபின் புதுப்பெண்ணோடு அவன் வீட்டுக்கே போய்க் கொடுங்கள். ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போய் நின்றால் அவன் அம்மா அடுப்பங்கரைக்கும் கடைக்குமாக ஓட வேண்டியிருக்கும். போகும் வழியிலேயே அவன் பேர், அவன் செய்தது எல்லாவற்றையும் மனைவிக்குச் சொல்லி வையுங்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து இருவருமாகக் கொடுங்கள், அவன் வீட்டார் முன்னால் அவன் செய்ததைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும். ஆனியில் கல்யாணம் என்றால் ஆடி பிறக்குமுன் எல்லா வீட்டுக்கும் போய்விட வேண்டும். ஆடிக்குப் பெண்ணை அவள் வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.