பிரேக் பேடும் டிஸ்கும்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் பிரேக் பேடின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அதை மாற்றிவிட வேண்டும். ஆனால் டிஸ்கையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்த்தே முடிவு செய்வது நல்லது. அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தடிமனை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியால் பல இடங்களில் அளக்கும்போது, ஓர் இடத்தில்கூட அளவு அதற்குக் கீழே இறங்கினால் அந்த டிஸ்க் பயன்படாது. தேய்ந்த டிஸ்கின் ஓரத்தில் வரப்பு போல ஒரு மேடு நிற்கும் என்பதால், சாதாரண காலிப்பர் என்ற அளவுக் கருவியின் தாடைகள் அந்த மேட்டின் மீதே அமர்ந்து, உண்மையைவிடக் கூடுதலான அளவைக் காட்டிவிடும்.

பேடுகளில் செராமிக் வகை சத்தமும் தூசியும் குறைவாகத் தருவதால் அன்றாட ஓட்டத்துக்குப் போதும். அதிகச் சுமையோடு மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு, சற்றே இரைச்சல் இருந்தாலும், உலோகம் கலந்த செமி மெட்டாலிக் வகையையே நான் பரிந்துரைப்பேன். துளையிட்ட டிஸ்குகள் பார்வைக்கு அழகுதான். ஆனால் கடும் வெப்பத்தில் துளைகளைச் சுற்றி விரிசல் விடக்கூடும்.

ஒரே மாடலில் வெவ்வேறு விட்டமுள்ள டிஸ்குகள் வருவதுண்டு என்பதால், சேசிஸ் எண்ணைக் கொண்டு உதிரிபாக எண்ணை உறுதிசெய்து வாங்குங்கள். ஓர் அச்சின் (axle) இருபுறமும், அதாவது இடது வலது சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய டிஸ்கின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே பொருத்த வேண்டும்.